கறந்த பிறகு அரை மணி நேரம் ஆடு படுக்கக் கூடாது

பால் கறக்கும் வெள்ளாடு வளர்ப்பவர்கள் கறப்பதில் காட்டும் அக்கறையைக் கறந்து முடித்த அடுத்த அரை மணி நேரத்தில் காட்டுவதில்லை. மடிநோய்க் கிருமி அப்போது எளிதாக உள்ளே நுழைந்துவிடும். கறந்தவுடன் காம்பின் துளை மூடிக்கொள்வதில்லை. அதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அதற்குள் ஆடு புழுக்கையும் மூத்திரமும் கிடக்கும் ஈரத்தரையில் படுத்தால், கிருமி நேராக மடிக்குள் ஏறிவிடும்.

இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. கறக்கும்போது தவிடு, புண்ணாக்கு போன்ற அடர்தீவனம் கொஞ்சம் போதும். அகத்தி, சவுண்டல் தழையைக் கறந்து முடித்த பிறகு, ஆடு நின்றுகொண்டே கடிக்கும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். தின்னும் ஆடு படுக்காது. இரண்டு காம்புகளையும் அயோடின் கரைசலில் முக்கிவிட்டால் இன்னும் நல்லது.

கறக்கத் தொடங்கும்போது முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாகத் தெரிந்தால் அந்தப் பாலைத் தனியாகக் கொட்டிவிட்டு, அந்த ஆட்டைக் கடைசியாகக் கறங்கள். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மடி கல்லாக இறுகும்வரை காத்திருக்காதீர்கள். வாயில்லா ஜீவன் வலியை நம்மிடம் சொல்லாது.