ஏரிப் பனி உங்கள் தெருவுக்கு வருமா என்று பார்ப்பது எப்படி

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பஃபலோவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், "நாளைக்கு எத்தனை அங்குலம் விழும்?" என்றுதான் கேட்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

நவம்பரில், ஊரை ஒட்டிய ஈரி ஏரி இன்னும் ஆறியிருக்காது. குளிர்காற்று அதன்மேல் ஓடும்போது சூட்டையும் ஈரத்தையும் வாரிக்கொண்டு மேகமாகக் கிளம்பும், கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடும். இதுதான் ஏரிப் பனி.

முதலில் ஏரி நீரின் வெப்பத்தைப் பாருங்கள். பஃபலோவில் 30 அடி ஆழத்தில் 1927 முதல் அளக்கிறார்கள். அடுத்து 850 மில்லிபார் வானிலைப் படம், அதாவது சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக் காற்றின் வெப்பம். இரண்டுக்கும் நடுவே 13 டிகிரி செல்சியஸாவது வித்தியாசம் வேண்டும். தண்ணீர் 9, மேலே மைனஸ் 8 என்றால் 17. பால், ரொட்டி வாங்கி வைத்துவிடுங்கள்.

ஆனால் யார் வீட்டுக்கு என்று சொல்வது காற்றுதான். ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக 388 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. பஃபலோ அதன் கிழக்கு முனை. காற்று நீளவாக்கில் ஓடினால் பனி சில மைல் அகலத்தில் ஒரே பட்டையாகத் திரளும். காற்று திசைகாட்டியில் 240, 250 டிகிரியிலிருந்து, அதாவது மேற்குத் தென்மேற்கிலிருந்து வந்தால் நகரத்தின் பக்கம். காற்று இன்னும் தெற்கிலிருந்து வந்தால் ஆம்ஹர்ஸ்ட் மாதிரி வடக்கு ஊர்களுக்கு. மேற்கிலிருந்து வந்தால் ஹாம்பர்க், ஆர்ச்சர்ட் பார்க் மாதிரி தெற்கு ஊர்களுக்கு. 2014 நவம்பரில் நகருக்குக் கிழக்கே லான்காஸ்டர் பக்கம் 5 அடிக்கு மேல் விழுந்தது, நகரின் வடக்கே சில அங்குலம்தான்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஒரு டிசம்பரில் ஹாம்பர்க்கில் கிரகப்பிரவேசம். எங்கள் ஆம்ஹர்ஸ்ட் வாசலில் சுள்ளென்று வெயில். பாதி வழியில் தெற்கே சாம்பல் நிறத்தில் மதில் மாதிரி ஒன்று நின்றது. மேகம்தானே என்று வண்டியை உள்ளே விட்டேன். பானட் தெரியவில்லை. நாலு மைலுக்கு இரண்டரை மணி நேரம். போய்ச் சேர்ந்தபோது அடிப்பிடித்த சர்க்கரைப் பொங்கல்தான் மிச்சம். வானிலைச் செய்தியில் 'பஃபலோ' என்று ஒரே ஊராகச் சொல்வதை அன்றோடு நம்புவதை விட்டேன். இப்போது ரேடாரில் பட்டை எங்கே கிடக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுக்கிறேன்.

ஈரிக்குச் சராசரி ஆழம் 19 மீட்டர்தான்; உறைந்துவிட்டால் ஈரம் கிடைக்காது, பனியும் குறையும். அதற்காக அசந்துவிடாதீர்கள். 1976 டிசம்பர் பாதியிலேயே ஏரி உறைந்துவிட்டது. 1977 ஜனவரி 28 அன்று அடித்த புயலில் புதிதாக விழுந்தது சுமார் ஓரடி; ஐஸ்மேல் கிடந்த பழைய பனியைத்தான் காற்று வாரி ஊருக்குள் கொட்டியது.

பனி விழ ஆரம்பித்ததும் ஆறு அங்குலத்துக்கு ஒருமுறை வாரித் தள்ளுங்கள். ஷவலில் தோசைக்கல்லுக்குத் தடவுகிற மாதிரி எண்ணெய் தடவினால் ஒட்டாது. ஹீட்டரின் புகைக்குழாய் வாயையும், கிளப்புமுன் காரின் சைலன்சர் வாயையும் தோண்டிவிடுங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். தெருவில் பனி தள்ளும் வண்டி உங்கள் வாசலில் ஒரு பனி வரப்பு போட்டுவிட்டுப் போகும். அதை மட்டும் அன்றிரவே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இறுகிப்போய்க் காலையில் கடப்பாரை தேட வேண்டியிருக்கும்.