கச்சான் காலத்தில் பவளத் தொட்டி: குறையும் தண்ணீரும் குறையும் கல்சியமும்

மே மாதம் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் எங்கள் மட்டக்களப்புக் கல்லடி வீட்டில் அது முதலில் தெரிவது கடல் தொட்டியில்தான். நேற்று இரவு கோட்டோடு நின்ற தண்ணீர் இன்று இரவு ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். கண்ணாடியின் மேல்விளிம்பில் வெள்ளைப் பொருக்கு ஒன்று படிந்திருக்கும். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்பு.

புதிதாகப் பவளத் தொட்டி வைத்திருப்பவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்தப் பொருக்கு சொல்லும் விஷயத்தைத்தான். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. ஆகவே குறைந்த அளவுக்கு விட வேண்டியது நல்ல தண்ணீர், கடல்தண்ணீர் அல்ல. கல்சியத்தின் கதை வேறு. அது ஆவியாவதில்லை. பவளங்கள் தங்கள் எலும்புக்கூட்டைக் கட்ட அதை எடுத்துக்கொள்கின்றன. இவை இரண்டு தனித்தனிக் கணக்குகள். ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், கச்சானில் ஒரு பிரச்சினை, மாரியில் இன்னொரு பிரச்சினை.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொட்டி வைத்த முதல் வருடம், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல் இருக்கிறதே என்று, குறைந்த தண்ணீருக்கெல்லாம் கடல்தண்ணீரையே அள்ளி ஊற்றினேன். நாளுக்கு ஒரு லீற்றர். ஒரு லீற்றர் கடல்தண்ணீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மூன்று கிழமையில் முக்கால் கிலோவுக்குக் கிட்ட உப்பை மேலதிகமாகக் கொட்டியிருக்கிறேன். உப்பு அளவு 35இலிருந்து 40க்கு ஏறிவிட்டது. பவளங்கள் வாய் மூடிக் கிடந்தன, மீன்கள் செவுளை வேகமாக அடித்துக்கொண்டு மேலே வந்து நின்றன. ஒரே நாளில் இறக்கினால் அதுவே அவற்றைக் கொன்றுவிடக்கூடும். நாளுக்கு நாலு லீற்றர் எடுத்துவிட்டு அதே அளவு நல்ல தண்ணீர் விட்டு, ஐந்து நாளில் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். ஒரு பவளத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

சரி, செய்முறைக்கு வருவோம். என் தொட்டி 90 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 45 உயரம். கல்லும் மணலும் பிடித்த இடம் போக ஏறத்தாழ 150 லீற்றர் தண்ணீர். கீழே வரும் கணக்கெல்லாம் அந்த 150 லீற்றருக்கு. உங்கள் தொட்டிக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: கோடு போடுங்கள்

உப்பு அளவு 35 இருக்கும் நாளில், பம்ப் ஓடும்போது, தண்ணீர் மட்டத்தில் கண்ணாடிக்கு வெளியே ஒரு மார்க்கர் கோடு. அதுதான் உங்கள் வீட்டுக் கோடு. சம்ப், அதாவது கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி, வைத்திருந்தால் கோடு மேல்தொட்டியில் அல்ல, தண்ணீரை மேலே ஏற்றும் பம்ப் இருக்கும் அறையில் போட வேண்டும். மட்டம் அங்கேதான் இறங்கும்.

என் தொட்டியில் ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் நாலு லீற்றர் போயிருக்கிறது என்று அர்த்தம். நீளத்தை அகலத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் உங்கள் கணக்கு வந்துவிடும். நாலு லீற்றர் போனால் உப்பு 35இலிருந்து 36ஆகிறது. ஒரு நாளைக்கு அது பெரிதல்ல. நாலு நாள் மறந்துவிட்டால் பெரிது.

உப்பு அளக்க ரிஃப்ரக்டோமீற்றர் வாங்குங்கள். அதை வெறும் தண்ணீரில் சரிபார்த்தால் போதாது. 35 அளவுக்கென்றே விற்கும் சரிபார்ப்புத் திரவத்தில் வைத்துத் திருத்துங்கள். முள் ஆடும் பிளாஸ்ரிக் மானியில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலே அளவு பொய்யாகிவிடும்.

இரண்டாம் படி: எந்தத் தண்ணீர்?

இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். நீங்கள் விடும் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அதிலிருந்த அழுக்கு போகாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரை, கரைந்த பொருளை அளக்கும் ரீ.டி.எஸ் மீற்றரில் வைத்தபோது 480 காட்டியது. லீற்றருக்கு அரைக் கிராமுக்குக் கிட்டக் கரைந்த பொருள். கச்சானில் நாளுக்கு நாலு லீற்றர் அந்தத் தண்ணீரை விட்டால், ஒரு மாதத்தில் 50 கிராமுக்கு மேல் என்னவென்றே தெரியாத ஒன்றைத் தொட்டிக்குள் சேர்த்திருப்பீர்கள். கல்லடி என்பது வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல் திட்டு. கிணறுகள் ஆழமில்லாதவை, மலசலகூடக் குழிகள் பக்கத்திலேயே. அந்தத் தண்ணீரில் நைத்திரேற்று இருக்கும், தொட்டி பாசி பிடிக்கும்.

குழாய்த்தண்ணீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து சுத்திகரித்து வருகிறது. குடிக்க நல்லது. ஆனால் அதில் குளோரின் உண்டு, கரைந்த தாதுக்களும் உண்டு. வாவித்தண்ணீரை யோசிக்கவே வேண்டாம். முகத்துவாரம் திறந்திருக்கும்போது ஒரு உப்பு, மாரி வெள்ளம் வந்தால் வேறொரு உப்பு. ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் சுத்தமாகத் தெரியும், ஆனால் அது செப்புக் குழாயில் வழிந்து வந்தது. செம்பு பவளத்துக்கும் இறாலுக்கும் நஞ்சு.

சரியான வழி, தண்ணீரை மென்சவ்வு வழியாக அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ வடிகட்டி. அதன் கடைசியில் அயன்களைப் பிடிக்கும் ரெசின் குழாய் ஒன்று இருந்தால் ரீ.டி.எஸ் பூச்சியத்துக்கு வந்துவிடும். வடிகட்டி வாங்க வசதி வரும்வரை, ஆர்.ஓ தண்ணீர் விற்கும் இடத்தில் கானில் வாங்கலாம், ஆனால் மீற்றரைக் கையோடு கொண்டுபோங்கள். சில இடங்களில் சுவைக்காகத் தாது சேர்த்து விற்கிறார்கள். 10க்குக் கீழே காட்டினால் எடுக்கலாம். மாரியில் மழைத்தண்ணீரும் பிடிக்கலாம். முதல் சில மழையை விட்டுவிட்டு, தகரக்கூரை வழியாக இல்லாமல், திறந்த வெளியில் சுத்தமான பிளாஸ்ரிக் பீப்பாய் வைத்து, வாயில் வெள்ளைத்துணி கட்டிப் பிடியுங்கள்.

மூன்றாம் படி: நிரப்புதல்

கையால் விடுவதானால் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில், பவளத்தின் தலையில் படாமல். தானாக நிரப்பும் கருவியோ மிதவை வால்வோ வைக்கலாம். கக்கூஸ் சிஸ்ரனில் வரும் பந்து வால்வே போதும், ஆனால் முழுக்கப் பிளாஸ்ரிக்காகப் பாருங்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது. தண்ணீர்ப் பாத்திரம் 10 லீற்றருக்கு மேல் வேண்டாம். வால்வு சிக்கி அத்தனையும் உள்ளே போனாலும் உப்பு 33க்குக் கிட்டத்தான் இறங்கும், உயிர் தப்பும். 50 லீற்றர் பீப்பாயைப் பூட்டிவிட்டுத் திருகோணமலைக்குப் போனால், வரும்போது என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் நுரைபிரிப்பான் கக்கும் தண்ணீரும், கழுவ எடுக்கும் தண்ணீரும் உப்போடுதான் வெளியே போகின்றன. அவற்றுக்கு ஈடாக மட்டும் உப்புத்தண்ணீர் விடுங்கள்.

நாலாம் படி: கல்சியம், அதற்கு முன் காரத்தன்மை

இயற்கைக் கடல்தண்ணீரில் கல்சியம் 410 முதல் 420 பி.பி.எம் (பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கிறது, காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கும் திறன், 7 டி.கே.எச் (அதன் அலகு) அளவு, மக்னீசியம் 1280க்கு மேல். தொட்டியில் கல்சியம் 400 - 450, காரத்தன்மை 8 - 9, மக்னீசியம் 1250 - 1350 என்று வைத்திருங்கள்.

புதியவர்கள் கல்சியம் அளக்கும் சோதனைக் கிட்டை மட்டும் வாங்கி வருவார்கள். முதலில் வாங்க வேண்டியது காரத்தன்மைக் கிட். பவளம் கல்சியம் காபனேற்றாகத்தான் எலும்பு கட்டுகிறது. அப்போது காரத்தன்மை 1 டி.கே.எச் குறைந்தால் கல்சியம் 7 பி.பி.எம் மட்டுமே குறையும். 420இல் 7 குறைந்ததைக் கிட் காட்டாது. 8.5இல் 1 குறைந்தது கண்ணுக்கு நேரே தெரியும்.

சோதனை இப்படி. சிறு குப்பியில் 5 மில்லிலீற்றர் தொட்டித்தண்ணீர். நிறம் காட்டும் திரவத்தை விட்டால் என்னுடைய கிட்டில் நீலமாகும். பிறகு சொட்டுச் சொட்டாக அமிலம், ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு குலுக்கல். கடைசியில் ஒரு சொட்டு விழுந்த இடத்தில் மஞ்சள் சுழி ஒன்று எழும்பி மறையும். அது இன்னும் முடிவு அல்ல. குலுக்கிய பிறகும் மஞ்சளாகவே நிற்கிற சொட்டைத்தான் எண்ண வேண்டும். பின்னால் வெள்ளைக் காகிதம் பிடித்துப் பாருங்கள், ரியூப் வெளிச்சத்தில் ஏமாறாமல் இருக்கலாம்.

இப்போது உங்கள் தொட்டி எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள். எதுவும் சேர்க்காமல், தண்ணீர் மாற்றாமல், ஒரு இரவு அளந்து எழுதுங்கள். மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் மறுபடி. எனக்கு 8.6 இருந்தது 7.4 ஆனது. நாளுக்கு 0.4. இந்த எண்ணில்லாமல் யார் சொன்னாலும் எந்த மருந்தும் ஊற்றாதீர்கள். மென்பவளங்கள் நாலைந்து மட்டும் இருந்தால் இறக்கம் தெரியவே தெரியாது. கிழமைக்குப் பத்து வீதம் தண்ணீர் மாற்றினால் அவற்றுக்குப் போதும், மீதியை நீங்கள் வாசிக்கத் தேவையில்லை.

ஐந்தாம் படி: சுண்ணாம்புத் தண்ணீர்

கல்சியம் ஐதரொட்சைட்டைக் கரைத்த தெளிநீர் கல்சியத்தையும் காரத்தன்மையையும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் கொடுக்கிறது. அதனால்தான் தொடக்கத்துக்கு இதையே சொல்கிறேன். நான் கலக்குவதைப் பார்த்த அம்மம்மா வெத்திலைத் தட்டத்திலிருந்து சுண்ணாம்புக் கரண்டகத்தை எடுத்து நீட்டினா. "இதைப் போடன் மனே, கடையில ஏன் காசைக் குடுக்கிறாய்?" வெத்திலைச் சுண்ணாம்பு சிப்பியிலிருந்தோ கல்லிலிருந்தோ சுட்டது, வாசனையும் நிறமும் சேர்ந்திருக்கும், தொட்டிக்கு ஆகாது. கட்டடச் சுண்ணாம்பும் அப்படியே. உணவுத் தரத்திலோ ஆய்வுகூடத் தரத்திலோ உள்ள தூளை வாங்குங்கள். ஆனால் அம்மம்மா அன்றைக்குச் சொன்ன மற்றதை நான் இன்றும் கடைப்பிடிக்கிறேன்: "கூடினா வாய் வெந்திடும், குறைஞ்சாச் சிவக்காது."

ஒரு லீற்றர் ஆர்.ஓ தண்ணீருக்கு 2 கிராம் தூள். சமையல் தராசில் சரியாக வராது, நகைத் தராசு போன்ற சிறியதில் நிறுங்கள். மூடிய போத்தலில் மெதுவாகக் கலக்கி, இரவு முழுக்கத் தெளிய விடுங்கள். அடியில் வெள்ளை மண்டி தங்கும். மேலே மெல்லிய ஆடை படியும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து உண்டானது அது. இரண்டையும் விட்டு நடுவிலுள்ள தெளிவை மட்டும் எடுங்கள். இதன் பி.எச் 12க்கு மேல். கையுறை போடுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலமாவது கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு.

தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு லீற்றர் என் 150 லீற்றர் தொட்டியில் காரத்தன்மையை ஏறத்தாழ 0.75 டி.கே.எச் உயர்த்தும். எனக்கு வேண்டியது 0.4. ஆக நாளுக்கு அரை லீற்றர். முதல் கிழமை அதிலும் பாதியில் தொடங்குங்கள்.

அதை ஒரேயடியாக ஊற்றக்கூடாது. பாமசியில் புதிய சேலைன் செற் ஒன்று வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டு, போத்தலை உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். சாதாரண செற்றில் 20 சொட்டு ஒரு மில்லிலீற்றர். மூன்று விநாடிக்கு ஒரு சொட்டு என்று சக்கரத்தைத் திருகினால் அரை லீற்றர் எட்டு மணித்தியாலத்தில் இறங்கும். இரவில் விடுங்கள். விளக்கு அணைந்த தொட்டியில் பி.எச் தாழ்ந்திருக்கும், சுண்ணாம்பு அதைத் தூக்கிப்பிடிக்கும். பி.எச் 8.5ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டு யன்னலைத் திறந்து குமிழி விடும் காற்றுக்கல்லைப் போடுங்கள்.

கச்சானும் மாரியும்

நிரப்பும் தண்ணீர் முழுவதையும் சுண்ணாம்புத் தண்ணீராகவே விடுங்கள் என்று பலர் சொல்லித்தருகிறார்கள். நம் ஊருக்கு அது சரிவராது. வெக்கை தாங்க மேலே ஒரு மின்விசிறி வைத்திருக்கும் கச்சான் நாளில் என் தொட்டி நாலு லீற்றர் இழக்கிறது. அத்தனையும் சுண்ணாம்பானால் காரத்தன்மை ஒரே நாளில் 3 டி.கே.எச் ஏறும், தண்ணீர் பாலாகும், பவளம் வெந்துபோகும். மாரியில், ஈரக்காற்றில், ஒரு லீற்றர்கூடக் குறைவதில்லை. பவளம் எப்போதும்போல் அரை லீற்றர்தான் கேட்கிறது. எனவே சுண்ணாம்பு அரை லீற்றர் நிலையாக இருக்கட்டும். கச்சானில் மூன்றரை லீற்றர் வெறும் தண்ணீர், மாரியில் ஒரு கோப்பை.

பவளம் வளர்ந்து, ஆவியாகும் அளவைவிடக் கூடுதலாகச் சுண்ணாம்புத் தண்ணீர் தேவைப்பட்டால், மீதிக்கு இரண்டு கரைசல் முறை. 150 லீற்றரில் 1 டி.கே.எச் உயர்த்த அப்பச்சோடா 4.5 கிராம், பேக்கிங் பவுடர் அல்ல. கல்சியம் 20 பி.பி.எம் உயர்த்தக் கல்சியம் குளோரைட்டு இருநீரேற்று 11 கிராம். இரண்டையும் தனித்தனியே ஆர்.ஓ தண்ணீரில் கரைத்து, ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் குறைந்தது அரை மணித்தியாலம் விட்டு ஊற்றுங்கள். ஒன்றாகச் சேர்ந்தால் அப்போதே சுண்ணாம்புக் கல்லாக வீழ்படியும். காரத்தன்மையை நாளுக்கு 1 டி.கே.எச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். எவ்வளவு ஊற்றினாலும் கல்சியமும் காரத்தன்மையும் சேர்ந்து ஏற மறுத்தால் மக்னீசியத்தை அளந்து பாருங்கள், அது குறைந்தால் கல்சியம் கரைசலில் நிற்காது. ஹீற்றரிலும் பம்பிலும் வெள்ளைப் படிவு கண்டால், கழற்றி வினாகிரி கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

பவளம் வாங்கும்போது தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டா என்று கேட்டு வாங்குங்கள். பாசிக்குடாவில் முழங்கால் தண்ணீரில் நின்று பார்க்கிற பவளம் அங்கேயே இருக்கட்டும். கடலிலிருந்து உயிர்ப்பவளம் பிடுங்குவது இலங்கையில் சட்டப்படி குற்றம்.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி கட்டி வையுங்கள். திகதி, விட்ட தண்ணீர், விட்ட சுண்ணாம்பு, உப்பு, காரத்தன்மை. கிழமைக்கு இரண்டு தரம் எழுதினால் போதும். வாடைக்காற்று திரும்பி முதல் பெருமழை பெய்த அன்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, மறுநாள் கோட்டைப் பார்த்து, தண்ணீர் அளவை அந்தக் கொப்பியில் புதிதாக எழுதுங்கள்.