பெரணியில் குரோமோசோம் எண்ணப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை விட்டதும் வத்தல்மலைக்கும் மேலகிரிக்கும் பெரணி தேடி வரும் மாணவர்களோடு நானும் போவதுண்டு. நாங்கள் படித்த காலத்தில் செய்த அதே தவறுகள்தான் இன்றும் நடக்கின்றன. ஸ்லைடில் காற்றுக்குமிழி, சாயம் கூடிப்போவது இதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழுத்த சோரஸைப் பறிப்பது

இலையின் அடியில் ஸ்போராஞ்சியம் என்னும் ஸ்போர்ப்பைகள் கூட்டமாக இருக்கும் இடம்தான் சோரஸ். அது பழுப்பேறிவிட்டால் குன்றல் பகுப்பு, அதாவது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து பிறகு எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவு, முடிந்துபோயிற்று என்று அர்த்தம். வெளிர்பச்சையாக இருக்கும்போதே பறியுங்கள்.

குரோமோசோம் எண்ணை வைத்துக்கொண்டு செடியை விட்டுவிடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. கிருஷ்ணகிரி பக்கத்து மாணவர் ஒருவர் பாறை இடுக்கில் வளர்ந்த வெள்ளிப் பெரணியின் இளம் சோரஸை மூன்று பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலத்தில் போட்டு எடுத்துவந்து, அசிட்டோகார்மினில் சாயமேற்றி அருமையான ஸ்லைடு செய்தார். 30 ஜோடிகள் அத்தனை தெளிவு. 'கைலாந்தஸ் ஃபரினோசா, n=30' என்று எழுதியும் வைத்துவிட்டார் (n என்பது பகுப்பு முடிந்து ஸ்போருக்குள் போகும் குரோமோசோம் எண்ணிக்கை). சரி, செடி எங்கே என்று கேட்டேன். இலைத்துண்டு மட்டும்தான் எடுத்தாராம், அதையும் வேலை முடிந்ததும் போட்டுவிட்டாராம். திரும்பப் போய்ப் பார்த்தால் அதே பாறையில், காம்புச் செதிலில் வேறுபடும் இரண்டு விதச் செடிகள் நிற்கின்றன. 30 எதனுடையது? யாராலும் சொல்ல முடியாது. வனத்துறை அனுமதிக்கு அலைந்தது, மலையேறியது, நுண்ணோக்கியில் கண் வலிக்க உட்கார்ந்தது எல்லாம் வீண்.

அந்தப் பெயருக்குள் இருமடியம், மும்மடியம், நான்மடியம் (குரோமோசோம் தொகுதி இரண்டு, மூன்று, நான்கு கொண்ட செடிகள்) எல்லாம் கலந்து கிடந்தன, பிறகு பலவற்றை அலூரிடாப்டெரிஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். பெரணிகளில் பெயர் இப்படி மாறிக்கொண்டேதான் இருக்கும். அழுத்தி உலர்த்திய செடி இருந்தால் பின்னால் வருகிறவர் எடுத்துப் பார்த்து, இது இன்னதுதான் என்று திருத்திக்கொள்வார். வெறும் பெயரோடு நிற்கும் எண்ணை யாரும் திருத்தவும் முடியாது, நம்பவும் முடியாது. ஆகவே சோரஸ் எடுத்த அதே செடியைக் கிழங்குத்தண்டு, செதில், முதிர்ந்த இலையோடு அழுத்துங்கள். குப்பி, ஸ்லைடு, செடி ஒட்டிய தாள் மூன்றிலும் ஒரே சேகரிப்பு எண் இருக்கட்டும். கோயம்புத்தூரில் இந்திய தாவரவியல் ஆய்வகத்தின் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது, அங்கே ஒரு தாள் சேர்ந்துவிட்டால் உங்கள் எண்ணுக்கு ஆயுள் கெட்டி. வழிகாட்டிகளும் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுமுன் இந்தத் தாளைக் கேட்க வேண்டும், பலர் கேட்பதே இல்லை.

ஜோடியைக் கண்டதும் இரண்டால் பெருக்குவது

அடியாண்டம் லூனுலேட்டம் என்ற பெரணியில் 90 ஜோடிகள் தெரிந்தால் 2n=180, அதாவது செடியின் செல்லில் மொத்தம் 180 குரோமோசோம் என்று எழுதிவிடாதீர்கள். அது பெரும்பாலும் 90 குரோமோசோம் கொண்ட மும்மடியம். கருவுறாமலே அடுத்த தலைமுறையை உண்டாக்கும் செடி என்பதால், பகுப்புக்கு முன்பே குரோமோசோம்கள் ஒருமுறை இரட்டித்துக்கொள்கின்றன. முதிர்ந்த ஒரு ஸ்போராஞ்சியத்தை உடைத்து எண்ணுங்கள். 64 ஸ்போர் இருந்தால் வழக்கமான செடி, 32 இருந்தால் இந்த வகை.

எண் ஒன்றானால் இனமும் ஒன்று என்பது

இல்லை. டிரையாப்டெரிஸ் ஓரியாடெஸ், டிரையாப்டெரிஸ் காக்கசிகா என்ற இரண்டு பெரணிகளுக்கும் 2n=82தான். இரண்டும் தனித்தனிச் சிற்றினங்கள். இவை கலந்து, குரோமோசோம் இரட்டித்து உருவானதுதான் 164 கொண்ட டிரையாப்டெரிஸ் ஃபிலிக்ஸ்-மாஸ்.

இடைப்பட்ட இலையெல்லாம் கலப்பினம் என்பது

நிழலில் ஒரு மாதிரியும் வெயிலில் வேறு மாதிரியும் வளர்வது பெரணிக்கு இயல்பு. ஸ்போரைப் பாருங்கள். சுருங்கி, கறுத்து, பெரிதும் சிறிதுமாகக் கிடந்தால் கலப்பினம் என்று சந்தேகிக்கலாம். அப்புறம் பகுப்பில் ஜோடி சேராமல் தனியாக நிற்கும் குரோமோசோம்களை எண்ணுங்கள். ஆனால் நன்றாக விளைந்த ஸ்போரைக் கண்டு கலப்பே இல்லை என்றும் முடிவுகட்டக் கூடாது, ஃபிலிக்ஸ்-மாஸின் ஸ்போர்கள் நன்றாகவே விளைகின்றன.