ஆஸ்கர் நாமினேஷனில் யார் உள்ளே, யாருக்கு அல்வா: நீங்களே கணிக்கலாம்

ஜனவரி வந்தால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு ஆஸ்கர் நாமினேஷன் பட்டியல் எழுதிப் போடுவோம், ரொம்பத் தப்பாகச் சொன்னவர் எல்லாருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டும். முதல் இரண்டு வருடமும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். எனக்குப் பிடித்த படங்களை எழுதியதுதான் காரணம். ஓட்டு எப்படி எண்ணுகிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு பர்ஸ் தப்பித்தது. அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். யார் ஜெயிப்பார் என்பது வேறு கணக்கு, அதை இதில் சேர்க்கவில்லை. நாமினேஷன் பட்டியலில் எதிர்பாராமல் யார் நுழைவார், நிச்சயம் என்று நினைத்த யார் கழன்று விழுவார், அது மட்டும்தான்.

படி 1: கையில் இருப்பது எந்தப் பட்டியல்?

வருடா வருடம் ஏதாவது ஒரு தமிழ்ப் படம் 'ஆஸ்கர் ரேஸில் நுழைந்தது' என்று செய்தி வரும். சூரரைப் போற்று, ஜெய் பீம், கங்குவா எல்லாவற்றுக்கும் வந்தது. அது தகுதி பெற்ற படங்களின் பட்டியல், விதிப்படி திரையிட்டு விண்ணப்பித்த படங்கள் அதில் இருக்கும். 2021-ல் 366 படங்கள், 2025-ல் 323. ஹால் டிக்கெட் வாங்கியதையே பாஸானதாகச் சொல்லும் செய்தி அது. அதை ஒதுக்கிவிட்டு, சில பிரிவுகளுக்கு டிசம்பரில் வரும் ஷார்ட்லிஸ்ட்டை எடுங்கள். சர்வதேசப் படம், ஆவணப்படம், இசை, பாடல் போன்றவற்றுக்கு அதில் பெயர் இல்லாவிட்டால் கதை முடிந்தது. 'டியூன்' இரண்டாம் பாகத்துக்கு ஹான்ஸ் ஜிம்மர் போட்ட இசையைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு எழுதி வைத்திருந்தார்கள், ஆனால் முதல் பாகத்து இசை அதில் அதிகம் என்று போட்டிக்கே சேர்க்கவில்லை. இப்படிப் போட்டியிலேயே இல்லாததை எழுதி மதிப்பெண்ணை விடாதீர்கள்.

படி 2: ஒரு கட்டம் போடுங்கள்

நடிப்புப் பிரிவுகளுக்கு நான்கு விருதுகள் போதும்: கோல்டன் குளோப், கிரிட்டிக்ஸ் சாய்ஸ், திரை நடிகர் சங்கத்தின் விருது (2025 வரை 'சாக்' என்ற பெயர், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்), பிரிட்டனின் பாஃப்டா. ஒரு பக்கம் பெயர்கள், இன்னொரு பக்கம் இந்த நான்கு. நாமினேஷன் கிடைத்த இடத்தில் ஒரு டிக். இயக்குநருக்கு இயக்குநர் சங்கத்தின் டிஜிஏ, படத்துக்குத் தயாரிப்பாளர் சங்கத்தின் பிஜிஏ, இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்செல் வேண்டாம், நோட்டுப் புத்தகமே போதும்.

நான்கு டிக்கும் வாங்கியவர் பத்திரம் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் சரிதான். ஆனால் 2022-ல் 'ஹவுஸ் ஆஃப் குச்சி'க்காக நான்கும் வாங்கிய லேடி காகாவுக்கு ஆஸ்கரில் இடமில்லை, 2024-ல் 'பார்பி'க்காக நான்கும் வாங்கிய மார்கட் ராபிக்கும் இல்லை. ஏன் என்று புரிய அடுத்த படிக்கு வாருங்கள். நிதானமாகப் படியுங்கள், இதுதான் இந்தப் பதிவின் உயிர்.

படி 3: ஓட்டு எண்ணும் விதம்

ஆஸ்கர் தரும் அமைப்பான அகாடமியின் உறுப்பினர் தனக்குப் பிடித்தவர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி எழுதுகிறார். ஐந்து இடம் என்றால், மொத்த ஓட்டை ஆறால் வகுத்து, அதைத் தாண்டிய முதல் முழு எண்ணைத் தொடுபவர் உள்ளே. முதலில் எண்ணுவது முதலிட ஓட்டுகளை மட்டும். கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அதில் அடுத்து எழுதியிருக்கும் பெயருக்கு மாற்றுவார்கள். இப்படியே போகும்.

சாப்பாட்டு உதாரணம் சொன்னால் சட்டென்று பிடிபடும். ஆபீஸில் 24 பேர், விருந்துக்கு மூன்று ஐட்டம் தேர்ந்தெடுக்க வேண்டும். 24-ஐ நான்கால் வகுத்தால் 6, அதைத் தாண்டிய எண் 7. முதலிடம் பிரியாணிக்கு 8 பேர், பரோட்டாவுக்கு 7 பேர், ஆப்பம் தேங்காய்ப்பாலுக்கு 6 பேர், ஃப்ரைடு ரைஸுக்கு 3 பேர். 'பிடித்த மூன்றை டிக் அடியுங்கள்' என்று கேட்டிருந்தால் ஃப்ரைடு ரைஸுக்கு 24 டிக்கும் விழுந்திருக்கும், யாருக்கும் அதன் மேல் பகையில்லை. ஆனால் இந்த முறையில் ஃப்ரைடு ரைஸ்தான் முதலில் காலி, மீதி இருப்பது மூன்றே ஐட்டம். ஆப்பம் என்றால் உயிரை விடும் அந்த ஆறு பேர் போதும், ஆப்பம் பந்திக்கு வந்துவிடும்.

எதிர்பாராமல் நுழைபவர் ஆப்பம், கழன்று விழுபவர் ஃப்ரைடு ரைஸ். இனி உங்கள் கட்டத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரே கேள்வி: இவரை முதலிடத்தில் எழுதப் போகிறவர் யார்?

படி 4: இந்தப் பிரிவுக்கு ஓட்டுப் போடுவது யார்?

நாமினேஷனில் நடிகர்கள் நடிகர்களுக்கு, இயக்குநர்கள் இயக்குநர்களுக்கு, ஆவணப்படக்காரர்கள் ஆவணப்படத்துக்கு. சிறந்த படத்துக்கு எல்லாரும் போடுகிறார்கள். அதில் பத்து இடம் என்பதால் அதிர்ச்சி குறைவு.

எனக்குப் பிடித்தது இயக்குநர் பிரிவு. டிஜிஏ பல்லாயிரம் பேர் கொண்ட பெரிய சங்கம், டிவி இயக்குநர்களும் உதவி இயக்குநர்களும் அதில் உண்டு. அகாடமியின் இயக்குநர் கிளையோ சில நூறு பேர், அதிலும் வெளிநாட்டுக்காரர்கள் நிறைய. அதனால் டிஜிஏவின் ஐந்து பெயரும் அப்படியே ஆஸ்கருக்கு வருவது அபூர்வம். 2013-ல் 'ஆர்கோ'வின் பென் அஃப்லெக்கும் கேத்ரின் பிகலோவும் வெளியே, ஹனகேயும் பென் ஸைட்லினும் உள்ளே. பிறகு 'ஆர்கோ' சிறந்த படமே வாங்கியது, அது தனிக் கூத்து.

சமீபத்தில் டிஜிஏ இல்லாமலேயே ஆஸ்கர் பட்டியலில் வந்தவர்களில் சிலரைப் பாருங்கள். 2019-ல் பாவ்லிகோவ்ஸ்கி, 2021-ல் வின்டர்பெர்க், 2022-ல் ஹமாகுச்சி, 2023-ல் ஓஸ்ட்லுண்ட், 2024-ல் ஜஸ்டின் த்ரியே, 2025-ல் கோராலி ஃபார்ஷா. ஆறு பேர் படமும் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் அதிகாரப்பூர்வத் தேர்வு (2020-ல் கோவிடால் விழா நடக்கவில்லை, ஆனாலும் வின்டர்பெர்க் படம் கான் தேர்வில் இருந்தது). வெளியே போனவர்களில் 2022-ல் 'டியூன்' எடுத்த வில்னவ், 2023-ல் 'டாப் கன்: மேவரிக்' எடுத்த கொசின்ஸ்கி, 2024-ல் 'பார்பி' எடுத்த கிரேட்டா கெர்விக். எல்லாருக்கும் பிடித்த பெரிய படங்கள். அப்புறம் என்ன, மே மாதமே கான் பட்டியலை நோட்டில் ஒட்டி வைத்துவிட வேண்டியதுதான். ஜனவரியில் டிஜிஏ ஐந்திலிருந்து ஒரு பெரிய ஸ்டுடியோ படத்தை அடித்துவிட்டு, கானிலிருந்து ஒருவரை எழுதுங்கள்.

ஆவணப்படக் கிளையின் குணம் இன்னும் பிடிவாதம். மக்கள் கொண்டாடிய படமென்றால் அங்கே சந்தேகத்தோடு எழுதுங்கள். 'வோன்ட் யூ பி மை நெய்பர்?', 'அப்போலோ 11' இரண்டுக்குமே நாமினேஷன் இல்லை.

படி 5: ஒரு வருடத்தை எடுத்து ஒத்திகை பாருங்கள்

2023 சிறந்த நடிகையை எடுப்போம். நோட்டில் கட்டம் இப்படி வரும்:

கேட் பிளான்செட்: 4
மிஷெல் யோ: 4
வயோலா டேவிஸ்: 4
டேனியல் டெட்வைலர்: 3 (குளோப் இல்லை)
அனா டி அர்மாஸ்: 3 (கிரிட்டிக்ஸ் சாய்ஸ் இல்லை)
மிஷெல் வில்லியம்ஸ்: 2 (சாக், பாஃப்டா இரண்டும் இல்லை)
ஆண்ட்ரியா ரைஸ்பரோ: 0

முதல் ஐந்து பேர் அப்படியே சாக் பட்டியல். வந்ததோ வேறு: டேவிஸும் டெட்வைலரும் வெளியே, வில்லியம்ஸும் ரைஸ்பரோவும் உள்ளே. இரண்டு கறுப்பின நடிகைகள் ஒரே நேரத்தில் விடுபட்டது பெரிய விவாதமானது, நியாயமான விவாதம்தான். டிக் எண்ணிக்கையைப் போலவே, எந்தக் கலைஞரை இந்தக் கிளை வழக்கமாகத் தவறவிடுகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

ரைஸ்பரோ நடித்த 'டு லெஸ்லி' திரையரங்கில் சம்பாதித்தது சுமார் 27,000 டாலர். ஆனால் ஓட்டுப்பதிவு நெருங்கியபோது நடிகர்களே ஒருவருக்கொருவர் சொல்லிப் படத்தைப் பார்க்கவைத்தார்கள். கிரிட்டிக்ஸ் சாய்ஸ் மேடையில் பிளான்செட்டே அவர் பெயரைச் சொன்னார், அப்போது ஓட்டுப்பதிவு நடந்துகொண்டிருந்தது. நடிகர் கிளையில் சுமார் 1,300 பேர். எல்லாரும் போட்டாலும் 1,300-ஐ ஆறால் வகுத்தால் 217 ஓட்டு போதும். ஆப்பக் கோஷ்டி கூடிவிட்டது! பிரசாரம் விதிக்கு உட்பட்டதா என்று அகாடமி விசாரித்தது, நாமினேஷனை ரத்து செய்யவில்லை.

படி 6: எந்தப் பிரிவு என்பதில் ஏமாறாதீர்கள்

ஸ்டுடியோ ஒருவரைத் துணை நடிகர் என்று விளம்பரம் செய்யலாம், ஓட்டுப் போடுபவர் கேட்க வேண்டியதில்லை. 'தி ரீடர்' படத்துக்காகத் துணை நடிகையாகக் குளோபும் சாக்கும் வென்ற கேட் வின்ஸ்லெட்டை ஆஸ்கர் முதன்மை நடிகையாக்கி, அதிலேயே விருதும் கொடுத்தது. 2021-ல் இன்னும் வேடிக்கை: 'ஜூடாஸ் அண்ட் த பிளாக் மெசையா' படத்தில் கதாநாயகன் என்று விளம்பரப்படுத்திய லகீத் ஸ்டான்ஃபீல்ட் துணை நடிகராக நாமினேட் ஆனார், அதே படத்தின் டேனியல் கலூயாவும் அதே பிரிவில். அப்படியென்றால் அந்தப் படத்தில் ஹீரோ யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

படி 7: காலண்டர்

ஓட்டுப்பதிவு சில நாட்கள்தான். அதற்குச் சற்று முன்னால் நடப்பதற்கு மதிப்பு அதிகம். 2025 ஜனவரி 5-ல் 'ஐ அம் ஸ்டில் ஹியர்' படத்துக்காகப் பிரேசில் நடிகை ஃபெர்னாண்டா டோரஸ் குளோப் வென்றார், 8-ல் ஓட்டுப்பதிவு தொடங்கியது, லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயால் 17 வரை நீண்டது. சாக்கும் பாஃப்டாவும் கண்டுகொள்ளாத அவர் ஆஸ்கரில் வந்தார், படமும் சிறந்த படப் பட்டியலில் வந்தது. மேடையில் ஒருவர் கலக்கிய வாரத்தில் ஓட்டுப் பெட்டி திறந்திருந்ததா என்று மட்டும் பாருங்கள்.

படி 8: எழுதுங்கள், ஆனால் ஆடாதீர்கள்

இவ்வளவும் படித்தவுடன் பிரிவுக்கு மூன்று அதிர்ச்சி எழுதக் கை துறுதுறுக்கும். வேண்டாம். நான் அப்படி எழுதித்தான் மூன்றாவது பரோட்டா பில்லும் கிட்டத்தட்ட என் தலையில் விழப் பார்த்தது. ஐந்தில் நான்கைக் கட்டம் சொல்கிறபடி விடுங்கள், ஐந்தாவது இடத்தில் ஒருவரை மாற்றுங்கள். மாற்றும்போது இரண்டு பெயரையும் எழுதுங்கள், உள்ளே வருபவர் இவர், அதற்காக வெளியே போகிறவர் இவர் என்று. உள்ளே வருபவரை மட்டும் எழுதுவது சுலபம், யாரை எழுப்பிவிட்டு அவருக்கு இலை போடுவது என்பதுதான் கஷ்டம்.

அறிவிப்பு பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸில் விடிகாலை 5.30-க்கு, நமக்கு இரவு 7 மணி. 6.55-க்குப் பட்டியலைக் குழுவில் போட்டுவிடுங்கள். 7.01-க்கு 'நானும் இதைத்தான் நினைத்தேன்' என்று எழுதுபவரை எங்கள் குழுவில் பரோட்டாவோடு சால்னாவுக்கும் காசு கொடுக்க வைப்போம்.