நாகூமை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டில் உள்ள நாகூம் தீர்க்கதரிசியின் புத்தகத்தில், இரண்டாம் அதிகாரத்தில் இரதங்கள் தெருக்களில் கடகடவென்று ஓடுகின்றன, தீவட்டிகளைப்போல ஒளிர்கின்றன, மின்னலாய்ப் பறக்கின்றன. மோட்டார் கார்களைத் தீர்க்கதரிசி அன்றே கண்டுவிட்டார் என்று இந்த வசனத்தை வைத்துப் பிரசங்கிப்பவர்கள் இன்றும் உண்டு. புத்தகத்தின் முதல் வரியே இது நினிவேயைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறது. இன்றைய ஈராக்கில், மோசூல் பக்கம், டைகிரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் இருந்த அசீரியத் தலைநகரம் அது. ஓடுவதும் அந்தக் காலத்துப் போர் ரதங்கள்தான்.

காலத்தையும் புத்தகமே காட்டித் தருகிறது. மூன்றாம் அதிகாரம் எகிப்தின் நோ அம்மோன் (தீப்ஸ்) நகரம் வீழ்ந்ததை நடந்துமுடிந்த செய்தியாகச் சொல்கிறது. கி.மு. 663இல் அந்த நகரத்தைச் சூறையாடியவர்கள் அசீரியரே. நினிவே பாபிலோனியரிடமும் மேதியரிடமும் விழுந்தது கி.மு. 612இல். நாகூம் இந்த இரண்டுக்கும் இடையில் பேசினார். அசீரியாவின் பெயரைக் கேட்டாலே சிற்றரசர்கள் நடுங்கிய காலம் அது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, அசீரியா செய்தது என்ன என்று தெரிந்துகொள்ளாமலே, நினிவேயின் அழிவைச் சொல்லும் நாகூமைப் பார்த்து "இவ்வளவு கோபமா?" என்று முகம் சுளிப்பது. கி.மு. 722இல் இஸ்ரவேலின் வட ராஜ்யத்துத் தலைநகரான சமாரியா அசீரியரிடம் வீழ்ந்து, ஜனங்கள் சிறைப்பட்டுப் போனார்கள். கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் லாகீஸ் நகரத்தைப் பிடித்தான். பிடித்ததோடு நிற்காமல், அந்தக் காட்சிகளை நினிவேயிலிருந்த தன் அரண்மனைச் சுவரில் செதுக்கிவைத்தான். கழுவேற்றப்பட்டவர்கள், தோலுரிக்கப்படுகிறவர்கள், மூட்டைமுடிச்சோடும் பிள்ளைகளோடும் நாடு கடத்தப்படும் குடும்பங்கள் எல்லாம் அதில் உண்டு. அந்தக் கற்கள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தன் கொடுமையை அலங்காரமாக மாட்டிவைத்த அரசு அது. இதைத் தெரிந்துகொண்டு மூன்றாம் அதிகாரத்தை வாசித்தால், அதன் சூடு எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

"கர்த்தர் நல்லவர், இக்கட்டு நாளிலே அரணான கோட்டை" என்ற 1:7ஐ வாக்குத்தத்த அட்டையில் பார்த்திருப்பீர்கள். தனியாக எடுத்தால் அது பொதுவான ஆறுதலாகிவிடுகிறது. அசீரிய நுகத்தின் கீழ் முதுகு வளைந்து கிடந்தவர்களுக்குச் சொல்லப்பட்டது அது. அந்த நுகத்தை முறிப்பேன் என்று 1:13 வெளிப்படையாகவே சொல்கிறது.

நினிவே என்ற பெயரை எடுத்துவிட்டு, நமக்குப் பிடிக்காத ஒரு நாட்டின் பெயரை அங்கே எழுதுவது இன்னொரு தவறு. செய்தியில் போர் வந்தாலே சிலர் இதைத் தொடங்கிவிடுகிறார்கள். எந்த நாட்டின் பெயரை வைத்தாலும், அங்கே சாகப்போகிறவர்களைப் பற்றி நம் மனம் மரத்துப்போகிறது. அதற்கு மருந்தும் வேதத்திலேயே இருக்கிறது: நாகூமோடு சேர்த்து யோனாவையும் வாசிக்க வேண்டும். யோனா அனுப்பப்பட்டதும் இதே நினிவேக்குத்தான். வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத லட்சத்து இருபதினாயிரத்துக்கும் அதிகமானவர்களுக்காகவும், மிருகஜீவன்களுக்காகவும் நான் பரிதபிக்க வேண்டாமா என்று கர்த்தர் யோனாவிடம் கேட்கிறார். அந்தப் புத்தகம் அந்தக் கேள்வியோடு முடிகிறது. நாகூமும் கேள்வியோடுதான் முடிகிறது: உன் கொடுமை யாரைத்தான் விட்டுவைத்தது? ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொள்கிறவர் பாதிதான் வாசித்திருக்கிறார்.

கடைசியாக, நியாயத்தீர்ப்பு அடுத்தவனுக்கு மட்டும்தான் என்ற எண்ணம். இன்னொரு தீர்க்கதரிசியான செப்பனியாவின் புத்தகத்தில் 2:13 முதல் 3:5 வரை, அதிகாரம் மாறும் இடத்தில் நிறுத்தாமல் சத்தமாக வாசித்துப் பாருங்கள். நினிவே பாழாகும் என்று சொல்லிக்கொண்டே வருகிறவர், அதே வேகத்தில் ஒரு கொடுமையான நகரத்துக்கு ஐயோ என்கிறார். கேட்பவர் நினிவேதான் என்று நினைத்திருக்கும்போதே பேச்சு எருசலேமுக்கு வந்துவிடுகிறது. நாகூம் சிங்கங்களின் குகை என்று சொன்னது நினிவேயை. செப்பனியா கெர்ச்சிக்கிற சிங்கங்கள் என்று சொல்வது எருசலேமின் பிரபுக்களை.