கணக்கு இருக்கிறது, காசு கைக்கு வருகிறதா?

வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்குக் கணக்கு தொடங்கித் தரும் ஜன்தன் திட்டம் 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கியது. இன்று கணக்குகள் 50 கோடியைத் தாண்டிவிட்டன. கணக்கும் செல்போன் வழிப் பணப் பரிமாற்றமும் வந்துவிட்டதால் நகரத்துக்கும் கிராமத்துக்குமான வருமான இடைவெளி சுருங்கியிருக்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அரசின் குடும்பச் செலவு ஆய்வின்படி, 2011-12ல் நகரவாசி ஒருவர் கிராமத்தவரைவிட 84 சதவீதம் கூடுதலாகச் செலவழித்தார். 2023-24ல் அது 70 சதவீதம்: கிராமத்தில் மாதம் 4,122 ரூபாய், நகரத்தில் 6,996. குறைந்தது உண்மைதான். ஆனால் இது செலவுக் கணக்கு, வருமானக் கணக்கு அல்ல. அந்த ஆண்டுகளில் சாலையும் வந்தது, வெளியூர் போனவர்கள் அனுப்பிய பணமும் வந்தது. எல்லாவற்றையும் செல்போனின் வரவில் எழுத முடியாது.

போன் பணத்தை வேகமாகக் கொண்டுவரும், சம்பாதித்துத் தராது. அது மிச்சப்படுத்தக்கூடியது அலைச்சலை. நகரத்தில் பத்து நிமிடத்தில் முடியும் வங்கி வேலைக்குக் கிராமத்தில் ஒரு நாள் கூலி போகிறது. அந்தக் கூலி எங்கெல்லாம் ஒழுகுகிறது என்று பார்த்தால் மற்ற தவறுகள் தெரியும்.

பெரிய ஒழுக்கு, கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் இடத்தில். 100 நாள் வேலைக் கூலியை ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும் என்பது 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. அதைப் பலர் கைரேகை வைத்துத்தான் எடுக்கிறார்கள். நாற்று நட்டு, களை பறித்து, செங்கல் சுமந்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும். மெஷின் எடுக்காது. "இன்னொரு தடவை வைம்மா" என்பார், வங்கி சார்பில் ஊரில் பணம் கொடுக்கும் முகவர். மூன்றாவது தடவை பணம் வரும், அதை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முதல் தடவையே கணக்கில் பணம் கழிந்திருந்தால் யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு தடவை விரல் வைத்ததற்கும், தோற்றதற்கும் சேர்த்து, ரசீது கேளுங்கள். கழிந்தும் கைக்கு வராத பணத்தை ஐந்து நாட்களுக்குள் திருப்ப வேண்டும், அதற்குமேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. ரசீது இல்லாமல் இதைக் கேட்கப் போவது கடினம். முகவருக்கு கமிஷன் தருவது வங்கி. "நூறுக்கு இவ்வளவு" என்று உங்களிடம் பிடித்தால் அது தப்பு, கொடுக்காதீர்கள். ரேகை அடிக்கடி தோற்பவர்கள் ரூபே ஏடிஎம் கார்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, முகாமிலோ சிம் கடையிலோ சொன்னார்கள் என்று புதுக் கணக்கு தொடங்கி அதில் ஆதாரை இணைப்பது. அரசுப் பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். 2017ல் லட்சக்கணக்கானவர்களின் கேஸ் மானியம், தங்களுக்கு இருப்பதே தெரியாத, செல்போன் நிறுவனம் ஒன்று நடத்தும் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்குக்கு இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. மானியம் நின்றுவிட்டதென்று நினைக்கும் முன், ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள்.

குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் கட்டுகிறவர்களும் உண்டு. அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். அதற்கு இருப்பு தேவையில்லை, மாதம் நான்கு தடவை கட்டணமில்லாமல் எடுக்கலாம். பட்டன் போன்தான் இருக்கிறது என்றும் ஒதுங்க வேண்டாம், 2022 மார்ச் முதல் அதிலும் யுபிஐ உண்டு.

அப்புறம், பலர் தவறென்றே எண்ணாத ஒன்று: வங்கியில் மகன் நம்பரையோ கணவர் நம்பரையோ கொடுப்பது. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் அம்மா பெயரில் வருகிறது. வந்த செய்தி மட்டும் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் போனுக்குப் போகிறது. யாராவது ஏமாற்றி எடுத்தாலும் அம்மாவுக்குத் தெரியச் சில வாரங்கள் ஆகும். வங்கியின் செய்தி வந்து மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியில் சொன்னால்தான், நம் தவறு இல்லாமல் வெளியாள் செய்த மோசடியில் முழுப் பணமும் திரும்பும். பாஸ்புக்கையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு கிளைக்கு ஒருமுறை போய், அம்மாவின் நம்பரையே பதிந்துவிட்டு வாருங்கள்.