போர்ஷே 911: எக்ஸாஸ்டும் ஹீட்டரும் மாற்றும் வேலை, சென்னைக் கார்களுக்கு

பழைய போர்ஷே 911 வைத்திருக்கும் யாரும் அம்பத்தூரில் உள்ள என் பட்டறைக்கு வந்தால் முதலில் கேட்பது ஒன்றுதான்: "சென்னை வெயிலில் ஹீட்டர் எதற்கு? அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் குழாய் போடலாமே?" போடலாம். எடை குறையும், சத்தமும் நன்றாக இருக்கும். ஆனாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பத்தே நிமிடத்தில் முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். அந்த ஆவியை விரட்டும் காற்று வருவது ஹீட்டரிலிருந்துதான். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

இந்தக் காரில் எக்ஸாஸ்டையும் ஹீட்டரையும் தனித்தனி வேலையாகப் பார்க்க முடியாது. 1964 முதல் 1998 வரை வந்த 911-களில் இஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது, காற்றும் எண்ணெயும்தான். எனவே சூடு எக்ஸாஸ்ட் குழாயிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஒரு பக்கத்து மூன்று சிலிண்டர்களின் குழாய்களும் ஒரு தகடு உறைக்குள் இருக்கும். குளிர்விக்கும் ஃபேனின் காற்றில் ஒரு பங்கு அந்த உறைக்குள் நுழைந்து, குழாய்களைத் தழுவி, சூடாகிக் காருக்குள் போகிறது. இதுதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர். உள்ளே இருக்கும் குழாயில் ஓர் ஓட்டை விழுந்தால் புகையும் அதே வழியில் காருக்குள் வந்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நான் இந்த வேலையில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் அதுதான். இங்கே சொல்வதெல்லாம் 1989 வரையிலான மாடல்களுக்கு.

எந்த வடிவம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1974 வரையிலான ஹீட் எக்ஸ்சேஞ்சர்கள் எளிமையானவை. இன்றும் பலர் விரும்புவது அந்த வடிவத்தைத்தான். எஸ்எஸ்ஐ என்ற பெயரில் விற்கும் துருப்பிடிக்காத எஃகு செட்டும் அந்த வடிவத்திலேயே வருகிறது. 1975-க்குப் பிந்தைய காரில் அதைப் பொருத்தினால் எண்ணெய்க் குழாய்களையும் சைலன்சரையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சந்தைக்காக 1970-களின் நடுவில் வந்த சில 2.7 லிட்டர் கார்களில், புகையில் எரியாமல் எஞ்சியதை எரிக்கும் தெர்மல் ரியாக்டர் இருக்கும். அது இஞ்சினையே வாட்டும் பொருள், தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

எதை வாங்கினாலும் கடற்கரைக்கு ஏற்ற உலோகமாக வாங்குங்கள். பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் நிற்கும் காரை உப்புக் காற்று வெளியிலிருந்து அரிக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை காபி குடிக்க மட்டும் எடுக்கும் கார் உள்ளேயிருந்து அரிக்கப்படுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போக வேண்டும். சைலன்சர் சூடேறும் முன்பே இஞ்சினை நிறுத்தினால் அந்த நீர் உள்ளேயே தங்கிவிடும்.

இனி கழற்றும் வேலை. ஹீட் எக்ஸ்சேஞ்சரை இஞ்சினோடு பிடித்திருப்பவை ஸ்டட்கள், அதாவது தலையில்லாத மரைத் தண்டுகள்: பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு. எட்டு மில்லிமீட்டர் எஃகு ஸ்டட், அலுமினியச் சிலிண்டர் தலைக்குள் பல பத்தாண்டுகளாக உட்கார்ந்திருக்கிறது. அவசரப்பட்டால் உடைவது ஸ்டட்தான். வேலைக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே காலையிலும் மாலையிலும் துரு இளக்கும் எண்ணெயை எல்லா நட்டுகளிலும் அடித்து வையுங்கள். காரின் பின்பக்கத்தைத் தூக்கியதும் ஸ்டாண்ட் வைத்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே படுக்கக் கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, தீயணைப்பு சிலிண்டரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

முதலில் சைலன்சரை இறக்குங்கள். அதன் போல்ட் உடைந்தாலும் கவலையில்லை, புதுப்பேட்டையில் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். அடுத்து ஸ்டட் நட்டுகள். சில நட்டுகள் வெளியே தெரியும். சில, ஹீட் எக்ஸ்சேஞ்சரின் உடம்பில் உள்ள துளை வழியாக நீண்ட ஆலன் கீயை விட்டுத் திருப்ப வேண்டியவை. அந்தத் துளைக்குள் சேறு அடைத்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, ஆலன் கீ முழு ஆழத்துக்கு இறங்கியதை விரலால் தொட்டு உறுதி செய்த பிறகே திருப்புங்கள். அரைகுறையாக இறங்கிய கீ நட்டின் மூலைகளைத் தேய்த்துவிட்டால் வேலை நாள்கணக்கில் நீண்டுவிடும்.

திரும்பாத நட்டுக்குப் பலத்தை விடச் சூடுதான் மருந்து. கேஸ் டார்ச்சின் சிறு தீயை நட்டில் மட்டும் காட்டி, அது மங்கிய சிவப்பாகும் வரை சூடாக்குங்கள். சற்று ஆறியதும் மெழுகுவர்த்தியை ஸ்டட்டின் மரையில் வைத்தால், மெழுகு உருகி மரைக்குள் இழுத்துக்கொள்ளும். அப்போது கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று மெல்ல ஆட்டினால் நட் வந்துவிடும். இதில் ஓர் எச்சரிக்கை: 1968 முதல் 1977 வரையிலான பெரும்பாலான 911 இஞ்சின்களின் உடற்பகுதி மக்னீசியத்தால் ஆனது. எண்ணெய் கசிந்து ஊறிய இடத்தில், அதுவும் மக்னீசியத்தின் அருகே, தீயைக் காட்டவே கூடாது. கையடக்க இண்டக்‌ஷன் ஹீட்டர் கிடைத்தால் இந்தக் கார்களுக்கு அதுவே பாதுகாப்பானது.

ஸ்டட் உடைந்து, கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருப்புங்கள். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். தலையோடு மட்டமாக உடைந்திருந்தால் கையால் டிரில் பிடிக்காதீர்கள். எஃகை விட அலுமினியம் மென்மையானது என்பதால் பிட் பக்கவாட்டில் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். பக்கத்து ஸ்டட்டில் பொருத்தக்கூடிய ஒரு வழிகாட்டித் தகட்டை, நடுவில் புஷ் (பிட்டை நேராகப் பிடிக்கும் குழல்) வைத்து, லேத்தில் கடைந்து வாங்குங்கள். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு நாளில் செய்து தருவார்கள். மரை போயிருந்தால் ஹெலிகாயில் (புது மரையாக அமரும் கம்பிச் சுருள்) போட்டு மீட்டுவிடலாம்.

இரண்டு பக்கமும் இறங்கியதும் இஞ்சினின் அடிப்பகுதி திறந்து கிடக்கும். மேலிருந்து எண்ணெயை இஞ்சினின் அடிக்குத் திருப்பி இறக்கும் எண்ணெய்த் திரும்பு குழாய்கள், பக்கத்துக்கு இரண்டாக நான்கு, தெரியும். இவற்றின் ரப்பர் வளையங்கள் வெப்பத்தில் கல்லாகிக் கசியத் தொடங்குவது வழக்கம். எக்ஸாஸ்ட் மாட்டிய பிறகு இவற்றை எட்டுவது பெரும்பாடு. கசிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்போதே மாற்றிவிடுங்கள். இஞ்சினைப் பிரிக்காமலே பொருத்தக்கூடிய, இரண்டு துண்டாக நீளும் குழாய்கள் கிடைக்கின்றன. கீழ்ப்பக்க வால்வு மூடி கேஸ்கெட்டுகளையும் சேர்த்து மாற்றுங்கள்.

பழைய ஹீட் எக்ஸ்சேஞ்சரையே மீண்டும் மாட்டுவதானால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். சிலிண்டர் பக்கத்து மூன்று வாய்களில் இரண்டையும், சைலன்சர் பக்கத்து வாயையும் அடையுங்கள். மூன்றாவது வாயில் சாம்பிராணிப் புகையைச் சிறு ஊதுகுழலால் மெதுவாக ஊதுங்கள். இருட்டில், டார்ச் ஒளியில், சூடான காற்று வெளிவரும் வாயைக் கவனியுங்கள். அங்கே ஓர் இழை புகை வந்தாலும் உள்குழாய் ஓட்டையாகிவிட்டது. வெளியுறையில் ஒட்டுப் போட்டுச் சமாளிக்கும் எண்ணம் வேண்டாம். உறையைத் திறந்து உள்குழாயைச் சரிசெய்யுங்கள், இல்லையேல் புதியது வாங்குங்கள். மூன்று ஃபிளாஞ்சுகளும் (இஞ்சினோடு சேரும் தட்டை முகங்கள்) ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று நேர்விளிம்புத் தகடு வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் எந்தக் கேஸ்கெட்டும் காப்பாற்றாது.

மாட்டும்போது புதிய கேஸ்கெட், செம்பு பூசிய புதிய நட், ஸ்டட்டின் மரையில், அது இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசை. முதலில் எல்லாவற்றையும் கையால் மட்டும் ஏற்றி, சைலன்சரும் குழாய்களும் இழுபடாமல் தாமாக அமர்வதைப் பாருங்கள். பிறகு ஸ்டட் நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்கி, 20 முதல் 25 நியூட்டன் மீட்டருக்குள் நிறுத்துங்கள். சைலன்சர் போல்ட்டுகள் கடைசியில்தான்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர்களுக்கு முன்னால் உள்ள வால்வுப் பெட்டிகளை மறந்துவிடாதீர்கள். ஹீட்டர் மூடியிருக்கும்போது சூடான காற்றைக் காருக்கு வெளியே தள்ளுவது இவைதான். இவை துருப்பிடித்துப் பாதி திறந்தபடி நின்றால், சித்திரை மாதத்தில் கால்மாட்டில் அனல் அடிக்கும். "சென்னையில் ஹீட்டர் வேண்டாம்" என்ற பேச்சே பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது. கைப்பிரேக் அருகில் உள்ள லீவரை ஒருவர் இயக்க, நீங்கள் கீழிருந்து மடல் முழுதாக மூடுவதைக் கண்ணால் பாருங்கள். கேபிளுக்கு எண்ணெய் விடுங்கள், கிழிந்த நெளிகுழாய்களை மாற்றுங்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகும் ஹீட்டர் வேண்டாம் என்று வெறும் குழாய் போடுகிறவர்கள், ஃபேன் உறையில் ஹீட்டருக்குக் காற்று போகும் வாயை ஒழுங்காக அடைக்க வேண்டும். திறந்து விட்டால் சிலிண்டர்களுக்குப் போக வேண்டிய காற்று வீணாகும். நம் ஊர் வெயிலில், அண்ணா சாலை நெரிசலில், அந்தக் காற்று முழுவதும் இஞ்சினுக்குத் தேவை.

இஞ்சினைத் திறந்தவெளியில் ஓட விடுங்கள். "சட் சட்" என்ற சத்தம் எந்த ஃபிளாஞ்சிலிருந்து வந்தாலும் அங்கே கசிவு. ஹீட்டரை முழுதாகத் திறந்து, கார்பன் மோனாக்சைடு மீட்டரை இருக்கையில் வைத்துக் கண்ணாடிகளை ஏற்றி, யாரும் உள்ளே உட்காராமல் கால் மணி நேரம் பாருங்கள். மீட்டர் பூஜ்யத்திலிருந்து நகரக் கூடாது. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, இஞ்சின் முழுதும் ஆறிய நிலையில், எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள்.